வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

மேல் வயல் வீடு
ஜனவரி 12

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

இங்கே நானும் பசுவும் சுகம். கூரை மட்டும் ஓர் ஓரத்தில் ஒழுகுகிறது. உன் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

நான் உனக்கு எழுதிப் பதினோரு வருஷம் ஆகிறது. உன் அண்ணன் போனபோது நீ போட்ட ஆறுதல் கடிதம் மொத்தம் ஏழு வரி. அதில் இரண்டு வரி பஸ் கிடைக்காததைப் பற்றி. நான் போட்ட பதில் மூன்று வரி. இதையெல்லாம் நான் வேண்டுமென்று ஞாபகம் வைப்பதில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நகரத்திலிருந்து ஒரு கம்பெனி வந்திருக்கிறது. குளத்தைச் சுற்றிப் பதினான்கு வயல்களை வாங்கிவிட்டார்கள். முந்நூற்று இருபது வீடு கட்டப் போகிறார்களாம். வயல் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் குச்சியில் கொடி. என் வேலியோரம் நட்டதில் நாலைப் பிடுங்கி அவரைக்கொடிக்கு ஊன்றிவிட்டேன். நல்ல குச்சி.

நகரத்துக்குப் போனவர்களுக்கு ஊர் அமைப்பு மறந்திருக்கும் என்பதால் சொல்கிறேன். உன் அப்பா நிலத்தை இரண்டாக்கி மேல் வயலை உன் அண்ணனுக்கும் கீழ் வயலை உனக்கும் கொடுத்தார். நடுவில் வாய்க்கால். மலை ஓடைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் குளத்துக்குப் போகிறது. அந்த வாய்க்கால் இருக்கும் இடத்தில்தான் இவர்கள் சாலை போடப் போகிறார்கள். சாலை வந்தால் வாய்க்கால் இல்லை, வாய்க்கால் இல்லாவிட்டால் குளம் இல்லை, என் வெங்காயமும் இல்லை.

உன் கீழ் வயலையும் கேட்டு உன்னிடம் வருவார்கள். கையெழுத்துப் போடாதே. இதற்கு முன் ஒருமுறை அந்த வாய்க்காலை நீ என்ன செய்தாய் என்பதை நான் இங்கே எழுதவில்லை. அந்த வருஷம் தண்ணீர் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் சொல்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி

*

எட்டாம் மாடி
பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தே பிரித்தேன். நீங்களும் பசுவும் சுகம் என்பதில் சந்தோஷம். என் முட்டி மாடிப்படியில் அழுகிறது, நாற்காலியில் சிரிக்கிறது. லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடுவதில்லை.

கம்பெனி ஆள் இங்கேயும் வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றினார். என் மகன் அவரோடு ஒரு மணி நேரம் பேசினான். நான் டீ போட்டேன்.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். எதற்கும் காகிதத்தை முதலில் பார்ப்பது நல்லது. கோபத்தில் கொடியைப் பிடுங்கினால் அது அவர்களுக்குத்தான் உதவும்.

வாய்க்கால் விஷயம் நீங்கள் எழுதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு வருஷமாக நான் சொல்வதையே சொல்கிறேன், அது தானாகத் தூர்ந்தது.

குளத்தில் வாத்துகள் இன்னும் வருகின்றனவா?

வணக்கத்துடன்,
உங்கள் நாத்தனார்

*

மேல் வயல் வீடு
பிப்ரவரி 10

நாத்தனாருக்கு,

சுகம். வாத்து வந்திருக்கிறது, முப்பத்தாறு. தானாகத் தூர்ந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நேற்றுக் கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட். நடுமேசையில் நம் ஊரைப் பொம்மையாகச் செய்து வைத்திருந்தார்கள். வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி வரிசையாக. மரத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒட்டியிருக்கிறார்கள். சின்னச் சின்ன மனிதர்களும் உண்டு. நன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒருவர் கையிலும் கூடை இல்லை, மண்வெட்டி இல்லை, ஒருவருக்கும் என் வயது இல்லை.

அந்த இடத்துக்குக் 'குளக்கரை நகர்' என்று பெயராம். விளக்கம் சொன்னவர் டை கட்டியிருந்தார். நான் எழுந்து, "தம்பி, இதுல குளம் எங்கப்பா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்த முகம் மாறாமல், "அதான் பேர்லயே இருக்கே பாட்டி" என்றார்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அவர் முகத்தை மனதில் வைத்துக்கொண்டேன். பேத்தி மட்டும்தான் என்னைப் பாட்டி என்று கூப்பிடலாம்.

கூட்டம் முடிந்து டைக்காரரையும் நிலம் அளக்க வந்தவரையும் வாய்க்காலுக்கு அழைத்துப் போனேன். அளக்கிறவர் காகிதத்தை விரித்து, அங்கே வாய்க்கால் என்று எதுவும் இல்லை, சும்மா கிடக்கும் பொது நிலம் என்று காட்டினார். "மேப்புல இல்லம்மா. இல்லாததை நாங்க எப்படி இருக்குன்னு சொல்றது?" என்றார். அதற்குள் டைக்காரர் ஓரடி முன்னால் வைத்துக் கணுக்கால் வரை இறங்கிவிட்டார். "இல்லாததுல எப்படி நனைஞ்சீங்க தம்பி?" என்று கேட்டேன். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு தவளைக்குஞ்சு விழுந்தது.

சும்மா கிடக்கும் நிலமென்றால் அரசாங்கமே அவர்களுக்குச் சாலை போடக் கொடுத்துவிடுமாம். ஓடும் வாய்க்கால் என்றால் தொட முடியாது, இரு பக்கமும் ஐம்பது அடிக்கு வீடு கட்டவும் கூடாது என்று அளக்கிறவரே என் காதில் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

உன் மகன் ஒரு மணி நேரம் என்ன பேசினான் என்று நீ எழுதவில்லை.

அண்ணி

*

எட்டாம் மாடி
மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். முட்டிக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள். உங்கள் உடம்பு எப்படி?

பால்கனியில் நாலு வாளியில் மண் போட்டு பீன்ஸ் நட்டிருக்கிறேன். ஒரு வாளி முளைத்திருக்கிறது. எதிர்க் கட்டிடத்தின் நிழல் பதினொரு மணிக்கே வந்துவிடுவதால் மற்ற மூன்றும் யோசிக்கின்றன.

தவளைக்குஞ்சு படித்துச் சிரித்தேன். மகன் என்னவென்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

வணக்கத்துடன்,
நாத்தனார்

*

மேல் வயல் வீடு
மார்ச் 27

நாத்தனாருக்கு,

நாற்பது நாள் கழித்து எட்டு வரி. அதில் பீன்ஸ் இருக்கிறது, நிழல் இருக்கிறது, நிலம் இல்லை. சரி. உன் பீன்ஸுக்கு சாம்பல் போடு.

நீ சொன்னபடியே காகிதம் பார்க்கப் போனேன். இரண்டு பஸ் மாறி நில அலுவலகம், நாலாம் நம்பர் அறை. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு குமாஸ்தா அம்மாள். முதலில் என்னைப் பார்த்ததும் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொண்டுபோன வேர்க்கடலையைப் பாதி அவர் மேசையில் வைத்தேன். அதன் பிறகு மேப் தானாக வந்தது.

பழைய மேப். மூலையில் அது வரைந்த மாதமும் வருஷமும் போட்டிருந்தது. மே மாதம், முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்.

அதை இரண்டு தடவை படித்தேன். உனக்குப் புரிகிறதா? அந்த ஒரு மே மாதம்தான் அங்கே வாய்க்கால் இல்லை. ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை காலையில் நீ அதை அடைத்தாய். பச்சைத் துணி உடுத்தியிருந்தாய். உன் புருஷனின் மண்வெட்டி, பிடி விரிந்து கம்பி சுற்றியது. மூன்று கூடை கல், அதன் மேல் களிமண், அதன் மேல் பீன்ஸ் விதை. மேயில் அளக்க வந்தவன் பீன்ஸ் பாத்தியைப் பார்த்து நிலம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். ஜூனில் மழை வந்து தண்ணீர் எதிர்த்து ஏறி என் வெங்காயம் முழுக்க அழுகிய பிறகு, உன் கல்லையும் மண்ணையும் வாய்க்காலே தள்ளிக்கொண்டு போனது. அன்றிலிருந்து இன்று வரை ஓடுகிறது. காகிதத்தில் மட்டும் ஓடவில்லை.

இதையெல்லாம் குமாஸ்தாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வேர்க்கடலையை மென்றுகொண்டே, "உங்க ஞாபகம் நல்லா இருக்கும்மா, ஆனா ஞாபகத்துல சீல் குத்த முடியாதே" என்றார். கீழ் வயலின் சொந்தக்காரர், அதாவது நீ, அந்த மாதம் அந்த வாய்க்காலை என் கையால் அடைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்வார்களாம். ஜூன் முப்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். ஜூலை பதினெட்டாம் தேதி அதிகாரி விசாரிக்கிறார். அதோடு முடிவு.

ஆக, ஊரில் இத்தனை பேர் இருக்க, நீ எழுதும் இரண்டு வரிதான் குளத்தைக் காப்பாற்றும். முப்பத்து நான்கு வருஷமாக நான் உன்னிடம் கேட்கும் அதே இரண்டு வரி. மூன்று கூடை கல் தானாக நடந்து வராது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது நில அலுவலகத்துக்கும் தெரிய வேண்டும்.

எழுதி அனுப்பு. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
அண்ணி

*

எட்டாம் மாடி
ஏப்ரல் 15

அண்ணிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், குறைந்திருக்கிறது.

ஒளிக்காமல் எழுதுகிறேன். கீழ் வயலை வாங்கக் கம்பெனி தயாராக இருக்கிறது. அதை விற்றால் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்க்கலாம், அம்மா படி ஏற வேண்டாம் என்பது என் மகனின் ஆசை. கெட்ட ஆசை இல்லை. ஒப்பந்தக் காகிதம் மேஜை டிராயரில் இருக்கிறது, பக்கத்திலேயே பேனா. வாய்க்கால் உண்டு என்று நான் எழுதிக் கொடுத்தால் ஐம்பது அடி விட வேண்டும். ஒடுங்கலான என் வயலில் ஐம்பது அடி போனால் மிச்சத்தில் ஒரு கோழிக்கூடு கட்டலாம். யாரும் வாங்க மாட்டார்கள். நீங்கள் இரண்டு வரி என்கிறீர்கள், அந்த இரண்டு வரிக்கு இது விலை.

ஆனாலும் எழுதுகிறேன். ஆம், அடைத்தேன். என் கையால்தான் அடைத்தேன். மூன்று கூடை இல்லை, நாலு.

ஏன் அடைத்தேன் என்பதையும் எழுத வேண்டாமா? அண்ணி, உங்களுக்கு என் துணியின் நிறம் ஞாபகம் இருக்கிறது. மண்வெட்டியில் சுற்றிய கம்பி ஞாபகம் இருக்கிறது. ஓடையிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பில் நீங்கள் வைத்த பலகை ஞாபகம் இல்லையா? ஓடையில் வந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் மேல் வயலுக்குத் திருப்பினீர்கள். பத்தொன்பது நாள். நான் அப்போது ஆறு மாதம். குளத்துக்கு நடந்து வாளியில் தண்ணீர் சுமந்தேன். குளமும் வற்றிக்கொண்டு வந்தது. செடி கருகிய அன்றைக்கு, தண்ணீர் வராத பள்ளம் எனக்கு எதற்கு என்று தூர்த்துவிட்டேன்.

வேறு யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. அண்ணன் காதில் போட்டிருந்தால் உங்கள் வீட்டில் சண்டை வந்திருக்கும். தானாகத் தூர்ந்தது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பொய்யை மாற்ற முடியாமல் போய்விட்டது.

என் பங்கை நான் எழுதுகிறேன். உங்கள் பங்கை நீங்கள் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து போனால்தான் என் காகிதம் போகும்.

நாத்தனார்

*

மேல் வயல் வீடு
மே 4

நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பசு கன்று போட்டிருக்கிறது. கிடாரி. நெற்றியில் வெள்ளை, இடது பின்னங்காலில் மட்டும் ஒரு வெள்ளை வளையம். பிறந்த அரை மணியில் எழுந்து நின்று சுவரில் முட்டிக்கொண்டது. இரண்டாம் நாளே துள்ளுகிறது. துணி காயப்போட்ட கொடியில் என் துண்டைச் சப்பிவிட்டது. பால் நிறைய. பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கும் கொடுக்கிறேன்.

கூரையைச் சரிசெய்தாயிற்று. இப்போது வேறு ஓரத்தில் ஒழுகுகிறது.

வெயில் அதிகம். நீ வெளியே போகாதே.
அண்ணி

*

எட்டாம் மாடி
மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

கன்றுக்கு என் ஆசி. பின்னங்கால் வளையம் வரைக்கும் தெரிந்துகொண்டேன்.

காலையில் டிபனோடு மகன் ஒப்பந்தத்தையும் எடுத்து வைக்கிறான். வற்புறுத்துவதில்லை. தட்டை எடுக்கும்போது அதையும் எடுத்துத் திரும்ப உள்ளே வைக்கிறான். நான் உங்கள் கடிதம் வரட்டும் என்று இருக்கிறேன். வேறொரு கடிதம்.

இன்னும் முப்பது நாள் இருக்கிறது.

நாத்தனார்

*

மேல் வயல் வீடு
ஜூன் 14

நாத்தனாருக்கு,

பத்தொன்பது நாள் இல்லை. இருபத்து மூன்று.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலையில் வைத்தேன். நீ அடைத்த அன்றைக்கு, இருபத்தைந்தாம் தேதி, எடுத்தேன். முதல் நாலு நாள் ஓடையே வற்றிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய், அதனால்தான் உன் கணக்கு குறைகிறது.

ஒரு நாளைக்கு எட்டு வாளி சுமந்தாய். காலையில் ஐந்து, சாயங்காலம் மூன்று. நாலாவது வாளிக்கு எப்போதும் வேலிக் கல்லில் உட்கார்ந்து எழுவாய். சமையலறை ஜன்னலில் நின்று எண்ணினேன். இறங்கி வந்து ஒரு வாளியைப் பிடிக்கவில்லை. என் வெங்காயம் அந்த வருஷம் நன்றாக வர வேண்டும், உன் அண்ணன் உன் பீன்ஸைப் புகழ்ந்ததுபோல் என் வெங்காயத்தையும் ஒருநாள் புகழ வேண்டும் என்று இருந்தேன். அவ்வளவு அற்பம்.

எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் இத்தனை வருஷம் உன்மேல் இவ்வளவு கோபப்பட்டிருக்க வேண்டியதில்லை.

நான் படித்தது மூன்று வகுப்பு. என் காகிதத்தை ஐந்து நாள் உட்கார்ந்து நானே எழுதினேன், யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. நேற்று நேரில் போய் நாலாம் நம்பர் அறையில் கொடுத்துச் சீல் வாங்கிவிட்டேன். நீ எழுதுவதும் எழுதாததும் இனி உன் இஷ்டம். தரைத்தள வீடு வேண்டுமென்றால் அதையும் நான் தப்பாக எடுக்க மாட்டேன். எடுத்தாலும் சொல்ல மாட்டேன்.

முட்டி எப்படி இருக்கிறது? இதை முறைக்காகக் கேட்கவில்லை.
அண்ணி

*

எட்டாம் மாடி
ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

தேதியில் உங்களை ஜெயிக்க முடியுமா? இருபத்து மூன்றுதான், ஒப்புக்கொள்கிறேன்.

என் விரல்கள் இப்போது டைப் அடிப்பதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல மகன் கம்ப்யூட்டரில் அடித்தான். எதற்கு என்று தெரியாமல்தான் உட்கார்ந்தான். 'கீழ் வயல் உரிமையாளராகிய நான்' என்றதும் நிமிர்ந்து பார்த்தான், ஆனாலும் அடித்தான். 'அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

"அந்த ஆறு மாசம் நானாம்மா?"

"பின்ன பக்கத்து வீட்டுக்காரரா?"

"எட்டு வாளியா தினமும்?"

"உங்க அத்தை எண்ணியிருக்காங்க. தப்பா இருக்காது."

பிறகு, "மேல சொல்லும்மா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்து முடித்தான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ரிஜிஸ்டர் தபாலில் அவனே போய் அனுப்பினான். டிராயரில் இருந்த ஒப்பந்தத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் மளிகைச் சாமான் எழுதி எடுத்துக்கொண்டு போனான்.

லிஃப்ட்டுக்காகக் கட்டிடத்தில் கையெழுத்து வேட்டை ஆரம்பித்திருக்கிறான். அத்தையைப் பார்த்துக் கற்றுக்கொண்டானாம்.

உங்களை அவன் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

அன்புடன்,
நாத்தனார்

*

மேல் வயல் வீடு
ஜூலை 20

நாத்தனாருக்கு,

சுகம் சுகம். நீ வந்திருக்க வேண்டும், முட்டி கெடுத்துவிட்டது.

விசாரணை அதே பள்ளிக்கூட ஹாலில். இந்த முறை பிஸ்கட் இல்லை. அதிகாரி ஓர் அம்மாள், உன் மகன் வயதுதான் இருக்கும். அதிகம் பேசவில்லை, எல்லாம் குறித்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் மேப்பைச் சுவரில் மாட்டிக் குச்சியால் தொட்டுத் தொட்டு முக்கால் மணி நேரம் பேசினார். வாய்க்கால் என்ற வார்த்தையே வராமல் ஒருவரால் அவ்வளவு நேரம் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு குமாஸ்தா அம்மாள் கயிற்றுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம் இரண்டு காகிதத்தையும் சத்தமாகப் படித்தார். சத்தமாகப் படிப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. என் பலகையும் உன் வாளியும் ஹாலில் ஒவ்வொன்றாக நடந்து போகின்றன. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் வந்த இடத்தில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தையல்காரி. அவளுக்கு இனிப் பால் கிடையாது. ஒரு வாரத்துக்கு.

வக்கீல் எழுந்து, இது இரண்டு மூதாட்டிகளின் குடும்பச் சண்டை, ஆதாரம் ஆகாது என்றார். அதிகாரி அப்போதுதான் வாய் திறந்தார்.

"இல்லாத வாய்க்காலுக்கு யாரும் முப்பத்து நாலு வருஷம் சண்டை போட மாட்டாங்க சார்" என்றார்.

அப்படியே எழுந்து, வாங்க பார்க்கலாம் என்று நடந்தார். ஊரே பின்னால் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் கரையிலேயே நின்றுகொண்டார், அவருக்கு ஷூ கதை தெரிந்திருக்கும். அதிகாரி கையைவிட்டுப் பார்த்தார், குளம் வரை நடந்தார், திரும்பி வந்து அங்கேயே நின்று உத்தரவைச் சொன்னார். வாய்க்கால் மேப்பில் ஏற வேண்டும். சாலை கிடையாது. வாய்க்காலுக்கும் குளத்துக்கும் ஐம்பது அடிக்குள் ஒரு செங்கல் வைக்கக்கூடாது.

சாலை இல்லாத இடத்தில் முந்நூற்று இருபது வீட்டை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? நேற்றே கொடிகளைப் பிடுங்க ஆட்கள் வந்தார்கள். பதினான்கு வயலையும் குத்தகைக்கு விடப் போவதாகப் பேச்சு. அவரைக்கு ஊன்றிய நாலு குச்சியையும் கேட்டார்கள். காய்த்துக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் வாங்க என்றேன்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். கூட்டம் கலைந்த பிறகு யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. பால்காரர் மட்டும், "உங்க நாத்தனார் ரொம்பப் பொறுமைங்க" என்றார். ஆமாம் என்றேன். அது எனக்கு எளிதாக இல்லை.

அண்ணி

*

மேல் வயல் வீடு
ஆகஸ்ட் 30

நாத்தனாருக்கு,

உன் கடிதமும் மருமகன் எழுதிய நாலு வரியும் கிடைத்தன. லிஃப்ட் வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறது என்று அறிந்து சந்தோஷம். கன்று வேலியைத் தாண்டக் கற்றுக்கொண்டுவிட்டது. நான் சுகமாக இருந்தேன், நேற்று வரை.

நேற்றுப் புது மேப்பின் நகல் தபாலில் வந்தது. மேல் வயல் இருக்கிறது, கீழ் வயல் இருக்கிறது, குளம் நீலத்தில் இருக்கிறது, நடுவில் வாய்க்கால் நீலக் கோடாக அழகாகப் போகிறது. அந்தக் கோட்டின் மேல் பெயர் போட்டிருக்கிறார்கள். நாத்தனார் வாய்க்கால்.

இரண்டு பஸ் மாறி இன்று காலையில் நாலாம் நம்பர் அறைக்குப் போனேன். இந்த முறை வேர்க்கடலை கொண்டுபோகவில்லை. இது என்ன அநியாயம், முப்பத்து நாலு வருஷம் அந்த வாய்க்காலைத் தூர்வாரியது யார் என்று கேட்டேன். குமாஸ்தா அம்மாள் கோபப்படாமல் ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்து என் காகிதத்தையே எனக்குக் காட்டினார். மேப்பில் ஏற்றும்போது ஒரு பெயர் வேண்டுமாம். ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. அதனால் என் மனுவைப் பார்த்திருக்கிறார்கள். அதில் நான், 'நாத்தனார் அடைத்த வாய்க்கால்', 'மேற்படி நாத்தனார் வாய்க்கால்', 'நாத்தனாரின் வாய்க்காலில்' என்று இரண்டு பக்கத்தில் பதினொரு இடத்தில் எழுதியிருக்கிறேன். உன் குற்றம் யாருக்கும் விட்டுப்போய்விடக் கூடாது என்று ஐந்து நாள் உட்கார்ந்து நானே எழுதியது.

பெயரை மாற்ற ஒரு விண்ணப்பப் பாரம் உண்டு என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். "என்ன பேருன்னு இந்தக் கட்டத்துல எழுதுங்கம்மா" என்று பேனாவையும் நீட்டினார்.

பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் பேரையே என் கையால் எப்படி எழுதுவது? உன் அண்ணன் பேரை எழுதலாம் என்றால், அவர் ஒருநாள் அதில் இறங்கியதில்லை. மாமனார் பேரைப் போடலாமென்றால், பாகம் பிரிக்கும்போது வாய்க்கால் தலைப்பு யாருடையது என்று சொல்லாமல் போனவர் அவர். யோசித்துக்கொண்டே இருந்தேன். ஜன்னலை மூடும் நேரம் வந்துவிட்டது. குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "எழுதிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் விடுங்க" என்று பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. இன்னும் கோபம் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று தெரியவில்லை.

அண்ணி